இந்தியக் காபிக்கு அந்தச் சுவை எங்கிருந்து வருகிறது?

புதுச்சேரி, காரைக்கால் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றுக்கு பிரான்ஸில் உறவுகள் உண்டு. கோடை விடுமுறைக்கு அவர்கள் ஊர் வரும்போது பெட்டியில் சாக்லேட்டோடு இரண்டு பாக்கெட் பிரெஞ்சுக் காபித்தூளும் வரும். திரும்பிப் போகும்போது அதே பெட்டியில், பெரிய மார்க்கெட் பக்கம் அரைத்து வாங்கிய ஃபில்டர் காபித்தூள் போகும். இரண்டையும் ஒரே நாளில் குடித்துப் பார்த்தவர்களுக்கு ஒரு சந்தேகம் எழும். இரண்டும் காபிதான். ஆனால் அங்கிருந்து வந்ததில் நம் பாலைக் கலந்தால் ஏதோ குறைகிறது, சில வகைகளில் லேசான புளிப்பும் தட்டுகிறது. நம்முடையதோ பாலில் கரையாமல் தனித்து நிற்கிறது. ஏன் இப்படி?

"நம்ம ஊர்ப் பால் அப்படி" என்பார் ஒருவர். "எல்லாம் சிக்கரி செய்யும் வேலை" என்பார் இன்னொருவர். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தச் சுவையின் பெரும்பகுதி அடுப்படிக்கு வருவதற்கு வெகு முன்பே, மலையிலேயே முடிவாகிவிடுகிறது. கொட்டை எந்த உயரத்தில், எந்த நிழலில், எந்த மழையில் விளைந்தது, எந்த நோய்க்குத் தப்பியது என்பதெல்லாம் சேர்ந்ததுதான் அது.

யமனிலிருந்து வந்த ஏழு விதைகள்

காபிச் செடியின் தாயகம் எத்தியோப்பியா. அதைப் பயிராக்கி, பானமாக்கி உலகுக்குக் கொடுத்தவர்கள் யமன் மக்கள். 15ஆம் நூற்றாண்டில் யமனின் ஸூஃபிகள் இரவு நேர திக்ருக்கு விழித்திருக்க இதைக் குடித்தார்கள். அரபியில் அதற்குப் பெயர் 'கஹ்வா'. துருக்கியர் வாயில் அது 'கஹ்வே' ஆனது, ஐரோப்பாவைச் சுற்றிவந்து நம்மிடம் 'காப்பி'யாக முடிந்தது. 1511இல் மக்காவில் ஆளுநர் காயிர் பேக் இந்தப் பானத்துக்குத் தடை போட்டார். போதைப்பொருளா, இல்லையா என்று அறிஞர்களிடையே பெரிய விவாதமே நடந்தது. கெய்ரோவிலிருந்த சுல்தானின் அரசு அந்தத் தடையை நிலைக்க விடவில்லை. இன்று டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் படிக்கும்போது அந்த விவாதம் வேடிக்கையாகத் தோன்றலாம். அன்று அப்படி இல்லை.

யமனின் செங்கடல் துறைமுகமான முகா வழியாகத்தான் உலகத்துக்கு காபி போனது. 'மோக்கா' என்ற சொல் அந்த ஊரின் பெயர். முளைக்கக்கூடிய விதை வெளியே போய்விடாதபடி அங்கே கட்டுப்பாடு இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் ஹஜ் முடித்துத் திரும்பிய பாபா புடன் என்ற ஸூஃபி பெரியவர் அங்கிருந்து ஏழு விதைகளைக் கொண்டுவந்து, சிக்மகளூரின் சந்திரகிரி மலையில் நட்டார் என்பது கர்நாடகத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அந்த மலைத்தொடருக்கு இன்று பாபா புடன்கிரி என்று பெயர். அவருடைய பெயரால் உள்ள குகைத் தலத்துக்கு முஸ்லிம்களும் இந்துக்களும் போகிறார்கள். அதன் நிர்வாகம் பற்றிய தகராறு பல ஆண்டுகளாக நீதிமன்றங்களில் நடந்துவருவதும் செய்தி படிப்பவர்களுக்குத் தெரியும்.

ஏழு விதை என்ற கணக்கு கதையாக இருக்கலாம். ஆனால் அந்தக் காலத்தில் இந்த மேற்குக் கரையில் காபிச் செடி இருந்ததற்கு வேறொரு சாட்சி உண்டு. டச்சுக்காரர்கள் 1696இலும், அந்தக் கன்றுகள் வெள்ளத்தில் போனதால் மறுபடி 1699இலும் ஜாவாவுக்குக் காபிக் கன்றுகளைக் கொண்டுபோனார்கள். எங்கிருந்து? மலபாரிலிருந்து. உலகப் புகழ்பெற்ற ஜாவா காபியின் வேர் நம் பக்கத்து மலையில் இருக்கிறது.

புதுச்சேரிக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. இந்த ஊரை ஆண்ட பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிதான் 1715இல் முகாவிலிருந்து காபிக் கன்றுகளை, அப்போது பூர்போன் என்று அழைக்கப்பட்ட ரீயூனியன் தீவுக்குக் கொண்டுசென்றது. அங்கே வேறுவிதமாகத் திரிந்து வளர்ந்த அந்த வகைக்கு இன்றும் 'பூர்போன்' என்றுதான் பெயர். லத்தீன் அமெரிக்கத் தோட்டங்களில் அதன் வாரிசுகள் நிறைய. பிற்காலத்தில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் அதே தீவுக்குத் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள், ஆனால் அப்போது அங்கே கரும்புதான் பெரிய பயிர்.

ஆக யமன், மலபார், ஜாவா, ரீயூனியன் எல்லாம் ஒரே குடும்பத்துச் செடி. பிறகு ஏன் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுவை?

நிழலில் பழுப்பது

பிரேசிலின் பெரிய காபித் தோட்டங்கள் பெரும்பாலும் திறந்த வெயிலில் இருப்பவை. இயந்திரம் ஓட்டிப் பழம் பறிக்கலாம். குடகுக்கோ ஏற்காட்டுக்கோ போனவர்கள் பார்த்திருப்பார்கள், இங்கே காபித் தோட்டம் என்பது வெளியிலிருந்து பார்த்தால் காடு. மேலே பலா, அத்தி, சில்வர் ஓக், நடுவில் கல்யாண முருங்கை, மரங்களில் மிளகுக்கொடி, அடியில் காபி. இந்தியக் காபி ஏறக்குறைய முழுவதும் இப்படி மர நிழலில் விளைவதுதான். உலகில் இவ்வளவு பெரிய அளவில் நிழலையே நம்பியிருக்கும் நாடுகள் மிகக் குறைவு.

இது அழகுக்காகச் செய்ததல்ல. நம் மலைகளில் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்றொரு வண்டு உண்டு. வெயில் படும் தண்டின் பட்டை வெடிப்புகளைத் தேடி அது முட்டையிடும், புழு உள்ளே குடைந்து செடியையே கொன்றுவிடும். அராபிகா செடிக்கு இதைவிடப் பெரிய எதிரி இங்கே இல்லை. நிழல் அடர்த்தியாக இருந்தால் வண்டின் தொல்லை குறைகிறது. அதோடு உதிரும் இலை உரமாகிறது, பேய்மழை நேரடியாக மண்ணை அடிப்பதில்லை.

சுவைக்கு வருவோம். காபிப் பழம் மெதுவாகப் பழுத்தால் உள்ளே இருக்கும் விதை இறுகி, இனிப்புச் சத்து சேரும். எத்தியோப்பியா, கென்யா, யமன் போன்ற நாடுகளில் 2,000 மீட்டரை ஒட்டிய உயரத்தில்கூடக் காபி விளைகிறது. குளிர்ந்த இரவுகள் அங்கே பழுப்பதைத் தாமதப்படுத்துகின்றன. அந்த உயரம்தான் அவற்றுக்கு எலுமிச்சை, பழச்சாறு போன்ற துள்ளலான புளிப்பையும் தருகிறது. நம் அராபிகா பெரும்பாலும் 1,000 முதல் 1,500 மீட்டருக்குள், ரோபஸ்டா அதற்கும் கீழே. உயரம் குறைவு, ஆகவே புளிப்பும் குறைவு. ஆனால் நிழல் இருப்பதால் பழம் அவசரப்பட்டுப் பழுப்பதில்லை. புளிப்பு அடங்கி, இனிப்பும் கனமும் தங்கிய கொட்டை கிடைக்கிறது. வாயில் நிறைந்து நிற்கும் அந்தக் கனம்தான் இந்தியக் காபியின் முதல் அடையாளம். புளிப்புத் தூக்கலான காபியில் பால் ஒட்டாது. நம்முடையதில் ஒட்டும். கென்யக் காபியைப் பால் இல்லாமல் குடிக்க வேண்டும், நம்முடையதைப் பாலோடு குடிக்கலாம் என்பதற்குக் காரணம் பழக்கம் மட்டுமல்ல.

மிளகும் ஏலமும் கூடவே வளர்வதால் காபியில் அந்த வாசனை ஏறுகிறது என்று பாக்கெட்டுகளில் எழுதியிருப்பார்கள். அதை நான் அப்படியே ஏற்பதில்லை. காய்ந்த காபிக்கொட்டை பக்கத்தில் உள்ள வாசனையை இழுத்துக்கொள்ளும் என்பது உண்மை. அது கிடங்கில் மூட்டைக்கு அருகில் மூட்டை வைக்கும்போது நடப்பது, செடியில் இருக்கும்போது அல்ல.

இப்போது அந்த நிழலே மாறிவருகிறது. பல தோட்டங்களில் பழைய காட்டு மரங்களின் இடத்தைச் சில்வர் ஓக் பிடித்துக்கொண்டது. வேகமாக நெட்டுக்குத்தாக வளரும், மிளகுக்கொடி ஏற்ற வசதி, வெட்டி விற்பதும் எளிது. தோட்டக்காரரைக் குறை சொல்ல முடியாது, காபி விலை விழுந்த ஆண்டுகளில் அவர்களைக் காப்பாற்றியது மிளகும் மரமும்தான். ஆனாலும் பலாவும் அத்தியும் தந்த நிழலும் அதன் இலை உரமும் வேறு.

கப்பலில் ஊறிய கொட்டை

மேற்குக் கரைக்கு மட்டுமே உரிய ஒரு காபி உண்டு, 'மான்சூன்ட் மலபார்'. பாய்மரக் கப்பல் காலத்தில் மலபார்க் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குக் காபி மூட்டை போய்ச்சேர, ஆப்பிரிக்காவைச் சுற்றிப் பல மாதங்கள் ஆகும். கப்பலின் அடித்தளத்தில் கடல் ஈரத்தை உறிஞ்சிக் கொட்டை உப்பி, பச்சை நிறம் மாறி வைக்கோல் மஞ்சளாகிவிடும். சரக்கு கெட்டுவிட்டது என்றுதான் நாம் சொல்வோம். ஐரோப்பாவில் அதற்கே நாக்கு பழகிவிட்டது.

1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. நீராவிக் கப்பல்களும் பெருகின. பயணம் சுருங்கியது, காபி பச்சையாகவே போய்ச்சேர்ந்தது. வாங்கியவர்களோ, குறிப்பாக ஸ்காண்டிநேவிய நாட்டவர்கள், பழைய சுவை எங்கே என்று கேட்டார்கள். அதனால் மங்களூர்ப் பக்கத்துக் கிடங்குகளில் அந்தக் கடல் பயணத்தையே தரையில் நடத்த ஆரம்பித்தார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை, பக்கங்கள் திறந்த கிடங்குகளில் கொட்டையைப் பரப்பி, தென்மேற்குப் பருவக்காற்று படும்படி விட்டு, அடிக்கடி கிளறிக் கொடுக்கிறார்கள். மூன்று, நான்கு மாதங்களில் கொட்டை ஏறக்குறைய இரு மடங்கு பருத்து, வெளிறி, புளிப்பே இல்லாமல் போய்விடுகிறது. மண் வாசனையும் மரவாசனையும் கலந்த சுவை. 2008வாக்கில் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் பக்கம் இதைக் குடித்தவர்கள் குறைவு, ஏறக்குறைய எல்லாம் வெளிநாட்டுக்குப் போகிறது.

நோய் எழுதிய பட்டியல்

சூயஸ் திறந்த அதே 1869இல் இலங்கைக் காபித் தோட்டங்களில் ஒரு பூஞ்சை கண்டுபிடிக்கப்பட்டது. இலையின் அடியில் ஆரஞ்சுத் தூள் போல் படியும் இலைத்துரு நோய். சுமார் இருபது ஆண்டுகளில் இலங்கையின் காபித் தொழிலே அழிந்து, மலைகளில் தேயிலை ஏறியது. தமிழ்நாட்டிலிருந்து கூலிகளாகப் போன மலையகத் தமிழர்களின் முன்னோர் முதலில் போனது காபித் தோட்டங்களுக்கே என்பது பலருக்கு மறந்துபோன செய்தி.

அதே துரு இந்தியாவுக்கும் வந்தது. பாபா புடன் காலத்து வகையான 'சிக்' என்ற பழைய செடி வண்டுக்கும் துருவுக்கும் தாங்கவில்லை. கென்ட் என்ற தோட்ட முதலாளி தன் தோட்டத்தில் தப்பிப்பிழைத்த செடிகளிலிருந்து ஒரு வகையைப் பெருக்கினார், அது 'கென்ட்ஸ்'. 1925இல் சிக்மகளூர் மாவட்டத்துப் பாலெஹொன்னூரில் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம், கென்ட்ஸை இன்னொரு செடியோடு சேர்த்து 'எஸ் 795' என்ற வகையை உருவாக்கியது. அந்த இன்னொரு செடியில் லைபீரிக்கா என்ற வேறொரு காபி இனத்தின் கலப்பும் இருந்தது. 1940களில் வெளிவந்த எஸ் 795 இன்றும் நம் மலைகளில் பரவலாக நிற்கிறது. இந்திய அராபிகா யமன் அராபிகாவின் நகல் அல்ல என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நோயின் இன்னொரு விளைவு ரோபஸ்டா. துருவைத் தாங்கும், தாழ்வான இடத்தில் விளையும், அதிகம் காய்க்கும். அராபிகாவைவிடக் காஃபீனும் ஏறக்குறைய இரு மடங்கு, கசப்பும் அதிகம். இன்று இந்தியக் காபியில் சுமார் 70 சதவீதம் இதுதான். உலகம் ரோபஸ்டாவை மட்டமான சரக்காகப் பார்க்கும். ஆனால் இங்கே பழத்தோலை உரித்து, கழுவி, கவனமாகக் காயவைக்கும் ரோபஸ்டா உண்டு. மற்ற நாடுகளில் பெரும்பாலும் பழத்தோடு அப்படியே உலர்த்திவிடுவார்கள். கழுவிய இந்திய ரோபஸ்டா கசப்பு தணிந்து, நுரை கட்டும் கனத்தோடு வரும். எஸ்பிரெஸோவின் மேலே நிற்கும் தங்க நிற நுரைக்கு அது உதவும் என்பதால் இந்தியக் காபியை அதிகம் வாங்கும் நாடு இத்தாலி. பிரான்ஸ் உறவினர் கொண்டுவரும் எஸ்பிரெஸோ பாக்கெட்டுக்குள் வயநாட்டுக் கொட்டையும் இருக்க வாய்ப்பு உண்டு.

கடைச் சீட்டில் எழுதியிருப்பது

காபித்தூள் கடையில் 'பிளான்டேஷன் ஏ', 'பீபெரி', 'செர்ரி' என்று பலகையில் எழுதியிருக்கும். பிளான்டேஷன் என்றால் கழுவி உலர்த்திய அராபிகா. ஏ, பி, சி என்பவை கொட்டையின் பருமன். செர்ரி என்றால் பழத்தோடு உலர்த்தியது. பீபெரி தனி வகைச் செடியல்ல. பழத்துக்குள் வழக்கமாக இரண்டு கொட்டைகள் ஒன்றையொன்று ஒட்டித் தட்டையாக இருக்கும், சில பழங்களில் ஒன்று மட்டும் உருண்டையாக வளரும், அதுதான் பீபெரி. உருண்டை என்பதால் எல்லாப் பக்கமும் ஒரே சீராக வறுபடும். அதற்கு மேல் அதில் பெரிய ரகசியம் இல்லை. சாதாரணமாக வீட்டுக்குப் பிளான்டேஷனும் பீபெரியும் பாதிக்குப் பாதி கலந்து வாங்குபவர்கள் அதிகம். டிக்காஷன் கெட்டியாக வேண்டும் என்றால் கழுவிய ரோபஸ்டா கொஞ்சம் சேர்க்கச் சொல்லலாம், விலையும் குறையும்.

அடுத்தது சிக்கரி. இது காபி அல்ல. குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் பயிராகும் ஒரு செடியின் கிழங்கு. வெட்டி உலர்த்தி வறுத்தால் அதிலுள்ள சர்க்கரைச்சத்து கருகி இனிப்பும் கசப்புமான கறுப்புச் சாறாகும். காஃபீன் கிடையாது. நெப்போலியன் 1806இல் ஆங்கிலேயச் சரக்குகளுக்கு ஐரோப்பியத் துறைமுகங்களை அடைத்தபோது பிரான்ஸில் காபி கிடைக்காமல் போய், சிக்கரி குடிப்பது பெரிய அளவில் பரவியது. சிக்கரி காபியைவிட அதிகமாகத் தண்ணீரில் கரைவதால் டிக்காஷன் கறுத்து, கெட்டியாகத் தெரியும். அளவாகச் சேர்த்தால் கெடுதல் இல்லை. நம் கொட்டையின் அடங்கிய புளிப்போடு அது பொருந்தவும் செய்கிறது. 100க்கு 10, 20 பங்கு வரை காபி காபியாக இருக்கும். அதற்கு மேல் போகப்போக நாம் குடிப்பது கிழங்கின் சுவை, கொடுப்பது காபியின் விலை.

உணவுப் பாதுகாப்பு விதிப்படி, காபி-சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, இரண்டின் விகிதமும் பாக்கெட்டில் அச்சிடப்பட வேண்டும். 80:20, 70:30, 60:40 என்று பல உண்டு, 53:47உம் கடையில் இருக்கிறது. முன்பக்கத்தில் படம் பெரிதாகவும் பின்பக்கத்தில் இந்த எண் சிறிதாகவும் இருக்கும். அண்மைய ஆண்டுகளில் உலகச் சந்தையில் கொட்டை விலை மிகவும் ஏறியிருக்கிறது. அதனால் அதே பாக்கெட்டை அதே விலையில் பார்த்தால், வாங்கும் முன் அந்த எண்ணை ஒருமுறை பாருங்கள். தூளில் சிக்கரி இருக்கிறதா என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம். ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரின் மேல் ஒரு சிட்டிகை தூளைத் தூவுங்கள். காபித்தூள் சற்று நேரம் மிதக்கும். சிக்கரி உடனே மூழ்கத் தொடங்கி, கீழே போகும் வழியெல்லாம் பழுப்புக் கோடு இழுக்கும்.

ஸூஃபிகள் கொண்டுவந்த பானம் தமிழ்நாட்டில் 'ஐயர் வீட்டுக் காபி', 'கும்பகோணம் டிகிரி காபி' என்று பெயரெடுத்ததும், நம் வீடுகள் தேநீர்ப் பக்கம் சாய்ந்ததும் தனிக் கதை. தமிழர் வாழ்வில் காபி நுழைந்த விதத்தை ஆ.இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற நூலில் எழுதியிருக்கிறார், ஆர்வமுள்ளவர்கள் தேடிப் படிக்கலாம். காபி மேலிடத்துப் பானமாக மட்டும் நின்றுவிடாமல் இருந்ததற்கு இந்தியன் காபி ஹவுஸும் ஒரு காரணம். காபி போர்டு தன் கடைகளை மூடித் தொழிலாளர்களை வெளியேற்றியபோது, ஏ.கே. கோபாலன் முன்னின்று 1957 முதல் அவர்களின் கூட்டுறவுச் சங்கங்களை உருவாக்கினார். நேரு வீதியில் இருந்த அந்தப் பெயருடைய கடையில்தான் யான் மார்ட்டெலின் 'லைஃப் ஆஃப் பை' நாவல் தொடங்குகிறது.

கடைசியாக, பெட்டி கட்டுபவர்களுக்கு ஒன்று. அரைத்த தூளின் வாசனை சில நாட்களிலேயே இறங்கத் தொடங்கிவிடும், நம் ஊர்க் கடற்காற்றின் ஈரத்தில் இன்னும் சீக்கிரம். வீட்டுக்கு என்றால் வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்து, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். பாரிஸுக்குப் போகிறது என்றால் வறுத்த கொட்டையாகவே, சிக்கரி சேர்க்காமல் வாங்கிக் கொடுங்கள். அரைக்கும் இயந்திரம் அங்கே கிடைக்கும். சிக்கரியும் கிடைக்கும், வட பிரான்ஸில் இன்னமும் குடிக்கிறார்கள்.